விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லையென்றால், அந்த நிலையம் ஏன் பூமியை விட்டுப் போய்விடவில்லை?

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் படித்தது பி.காம்., அறிவியல் பாடம் என்றால் முந்தின நாள் இரவே புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் நடத்துவேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிறை, எடை இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிற பகுதி. ஆர்வம் வரட்டும் என்று 2025-இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தபோது எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். அவர் மிதக்கிறார், கையிலிருந்து விட்ட பொருளும் பக்கத்திலேயே மிதக்கிறது, பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். "அங்கே புவியீர்ப்பு கிடையாது, அதனால்தான் மிதக்கிறார்கள்" என்று சொன்னேன். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

உடனே ஒரு பையன் எழுந்து கேட்டான்: "டீச்சர், புவியீர்ப்பு இல்லையென்றால் அந்த நிலையம் எதற்குப் பூமியையே சுற்றுகிறது, நேராகப் போய்விட வேண்டியதுதானே? அவ்வளவு தூரத்தில் இருக்கும் நிலாவையே பூமி பிடித்து வைத்திருக்கிறது என்று போன மாதம் சொன்னீர்களே?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், நான்கு நாள் ஆகிவிட்டது. இணையத்தில் தேடினால் ஒருவர் வெற்றிடம் என்கிறார், ஒருவர் மையவிலக்கு விசை என்கிறார், இன்னொருவர் நுண்ணீர்ப்பு என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு வேண்டியது இதுதான்: அங்கே ஈர்ப்பு இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றால் ஏன் மிதக்கிறார்கள்? எங்களிடம் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை, வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் அவர்களிடமே திருத்திச் சொல்ல வேண்டும்.

வெற்றிடம்77:

பூமியின் காற்று மண்டலம் முடியும் இடத்தோடு ஈர்ப்பும் முடிந்துவிடும். வெளியே வெற்றிடம், காற்றே இல்லை, எனவே கீழே அழுத்த எதுவும் இல்லை. அதனால் மிதக்கிறார்கள். நிலையம் சுற்றுவது ராக்கெட் கொடுத்த வேகத்தால்.

பாடவேளை:

டீச்சர், அந்தப் பையனைக் கூப்பிட்டு, அவன் கேட்ட கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வெற்றிடம்77 தம்பி, வருத்தப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் சொல்வது சரியில்லை. ஈர்ப்புக்கும் காற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. நிலாவில் காற்று இல்லை, அங்கே பொருள் கீழே விழாமலா இருக்கிறது? 1971 ஆகஸ்டில் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட், நிலாவின் தரையில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் ஒரு வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்த வீடியோ இப்போதும் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். விண்வெளி நிலையத்துக்கு உள்ளே காற்று இருக்கிறது, அவர்கள் தலைக்கவசம் இல்லாமல் அதைத்தான் சுவாசிக்கிறார்கள், அந்தக் காற்றுக்கு நடுவில்தான் மிதக்கவும் செய்கிறார்கள்.

சரி, ஈர்ப்பு அங்கே எவ்வளவு? நிலையம் பறப்பது தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் போகும் தூரம்கூட இல்லை. ஆனால் ஈர்ப்பைக் கணக்குப் போடும்போது தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். நாம் தரையில் நிற்கும்போதே மையத்திலிருந்து 6,371 கி.மீ. தள்ளித்தான் நிற்கிறோம். நிலையம் 6,771. அவ்வளவுதான் வித்தியாசம். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும், எனவே இங்கே இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடை மெஷினை வைத்து ஏறி நின்றால், இங்கே 60 கிலோ காட்டுகிறவருக்கு அங்கே 53 கிலோ காட்டும். மிதக்க மாட்டார். கோபுரத்திலிருந்து கால் தவறினால் விழுவார்.

அப்படியென்றால் நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால். நிலையம், அதற்குள் இருக்கும் மனிதர், அவர் கையிலிருந்து விட்ட பேனா, உள்ளே இருக்கும் காற்று எல்லாமே சேர்ந்து ஒரே மாதிரி விழுகின்றன. தரையும் உங்களோடு சேர்ந்தே விழுந்தால் அது உங்கள் காலை எப்படித் தாங்கும்? நாம் "எடை" என்று உடம்பில் உணர்வது பூமி இழுப்பதை அல்ல, தரை நம்மைத் தாங்குவதை. நாற்காலி முதுகைத் தாங்குகிறது, தரை பாதத்தைத் தாங்குகிறது, அந்தத் தாங்கலைத்தான் கனமாக உணர்கிறோம். தாங்கல் போனால் கனமும் போய்விடும், இழுப்பு மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் இணையத்தில் பார்த்த நுண்ணீர்ப்பு என்ற சொல்லும் இந்த நிலையைத்தான் குறிக்கிறது. 1907-இல் பெர்ன் நகரத்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு வந்த எண்ணமும் இதேதான்: கீழே விழுந்துகொண்டிருக்கும் ஒருவருக்குத் தன் எடை தெரியாது. தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று பின்னாளில் அதைப் பற்றி எழுதினார்.

விழுந்தால் தரையில் மோத வேண்டாமா என்று பையன் அடுத்துக் கேட்பான், கேட்க வேண்டும். அதற்கு இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். கையிலிருந்து விடும் கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். இது ஒன்று. பூமி உருண்டையாக இருப்பதால், தரைக்கு இணையாக நேர்கோட்டில் 7.9 கி.மீ. போனால் பூமியின் பரப்பு அந்தக் கோட்டிலிருந்து அதே 4.9 மீட்டர் கீழே வளைந்திருக்கும். இது இரண்டாவது. இப்போது ஒரு கல்லை நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் எறிந்தால் என்ன ஆகும்? முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது, தரையும் 4.9 மீட்டர் கீழே போய்விட்டது. அடுத்த நொடியும் அப்படியே. கல் ஓயாமல் விழுகிறது, தரையை நெருங்கவே முடியவில்லை. காற்றும் மலையும் குறுக்கே வராவிட்டால் எறிந்தவன் முதுகிலேயே வந்து அடிக்கும். மலை உச்சியில் பீரங்கியை வைத்துச் சுடுவதாக நியூட்டன் படம் போட்டு விளக்கியது இதைத்தான். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, வட்டம் கொஞ்சம் பெரிது, எனவே நொடிக்கு சுமார் 7.7 கி.மீ. போதும். தொண்ணூற்றிரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது, ஒரு நாளைக்கு 16 முறை சூரிய உதயம் பார்க்கலாம்.

ஆக, ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் பையன் சொன்ன மாதிரி நேராகப் போயே விடும். ஈர்ப்பு இருப்பதால்தான் சுற்றுகிறது.

லிஃப்ட்_பராமரிப்பு:

பாடவேளை ஐயா சொன்ன "தாங்கல்" எனக்குத் தினமும் வேலையில் தெரிகிற விஷயம். நான் லிஃப்ட் பராமரிப்பில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கீழே போகும் பட்டனை அழுத்தினதும் முதல் ஒரு நொடி வயிற்றில் ஏதோ லேசாகிற மாதிரி இருக்கும் இல்லையா, அது மனப்பிரமை இல்லை, அந்த நொடியில் தரை உங்களைக் குறைவாகத்தான் தாங்குகிறது. ஒருமுறை ஒரு கட்டடத்தில் பழைய முள் வைத்த எடை மெஷினை லிஃப்ட்டுக்குள் வைத்து ஏறி நின்று பார்த்தேன். டிஜிட்டல் மெஷின் இதற்குச் சரிப்படாது, அது எண் நிலைக்கும் வரை காத்திருந்து ஒரே எண்ணைக் காட்டி நின்றுவிடும், முள் மெஷின்தான் வேண்டும். கீழே கிளம்பும்போது முள் சட்டென்று குறைந்து, போகும் வழியெல்லாம் பழைய இடத்துக்கே வந்து நின்று, நிற்கப்போகும்போது எகிறியது. மேலே போகும்போது அப்படியே தலைகீழ். வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது ஒரு மாற்றமும் இல்லை என்பதைக் கட்டாயம் கவனிக்கச் சொல்லுங்கள், வேகம் மாறும்போது மட்டும்தான் முள் அசையும்.

கணக்கு வேண்டுமென்றால், வேகம் நொடிக்கு 1 மீட்டர் வீதம் கூடுகிற லிஃப்ட்டில் 60 கிலோ ஆள் கீழே கிளம்பும்போது 54 காட்டும். அந்த நொடியில் அவர் இளைத்துவிடவில்லை, பூமியும் இழுப்பதைக் குறைக்கவில்லை. லிஃப்ட் முழுசாகவே விழுந்தால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதுதான் நிலையத்தில் நடப்பது.

பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், நிஜ லிஃப்ட் அப்படி விழாது. பல ரோப்கள் சேர்ந்துதான் தாங்குகின்றன, அத்தனையும் போனாலும் வேகம் எல்லை மீறினதும் கவர்னர் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடித்து, அடியில் இருக்கும் சேஃப்டி பல்லைத் தண்டவாளத்தில் கடித்து நிறுத்திவிடும். இதை ஒவ்வொரு முறையும் கையால் சோதித்துப் பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.

மூன்றாமாண்டு:

ஒரு சந்தேகம் சார். எங்களுக்குக் கல்லூரியில் வேறு மாதிரி சொன்னார்கள். நிலையம் சுற்றும்போது மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, இரண்டும் சமமாகி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் எடை பூஜ்யம் என்றார்கள். தேர்விலும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். "விழுகிறது" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எது சரி?

பாடவேளை:

தம்பி, நீங்கள் எழுதியது தப்பில்லை, ஆனால் அது நிலையத்துக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, நிலையம் அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. அப்படி வைத்துக்கொண்டால் மிதப்பதை விளக்க இன்னொரு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும், சேர்க்கிறோம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அந்த விசை கிடையாது. வெளியிலிருந்து பார்க்கும்போதும் இரண்டு விசைகள் சமமாகிவிட்டன என்று சொன்னால் பையனின் கேள்வி திரும்ப வந்து நிற்கும்: மொத்த விசை பூஜ்யம் என்றால் ஒரு பொருள் நேர்கோட்டில்தானே போகும், ஏன் வளைகிறது? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கயிறு உள்நோக்கி இழுக்கிறது, அதனால் கல் வளைகிறது. கயிற்றை விட்டால் கல் நேராகப் பறக்கும். இங்கே பூமியின் இழுப்புதான் கயிறு. ஒன்பதாம் வகுப்புக்கு விழுதலைச் சொல்வதுதான் நல்லது, அது ஒரே ஒரு விசையோடு முடிந்துவிடும், கையால் செய்தும் காட்டலாம்.

செய்து காட்ட வழி இதோ. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் அடியிலிருந்து நான்கு விரல் மேலே ஒரு ஓட்டை போடுங்கள், ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் போதும், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். மேல் மூடியைப் போட வேண்டாம். விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பீய்ச்சும், பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். இப்போது மாடியிலிருந்தோ மேசை மேல் நின்றோ பாட்டிலை அப்படியே விட்டுவிடுங்கள். விழுகிற நேரம் முழுக்கத் தண்ணீர் வெளியே வராது. தண்ணீரும் பாட்டிலும் ஒன்றாக விழும்போது மேலே உள்ள தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அழுத்தாது, அழுத்தம் இல்லாமல் எப்படி ஒழுகும்?

இதோடு நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலை மேல்நோக்கித் தூக்கி எறியுங்கள். கையை விட்டுக் கிளம்பிய கணத்திலிருந்து மேலே போகும்போதும் ஒழுகாது, உச்சியிலும் ஒழுகாது, இறங்கும்போதும் ஒழுகாது. இயற்பியலில் "விழுதல்" என்றால் கீழ்நோக்கிப் போவது என்று பொருளில்லை, ஈர்ப்பைத் தவிர வேறு எதுவும் தொடாமல் போவதுதான் விழுதல். இது பிள்ளைகள் மனதில் ஏறிவிட்டால் சுற்றுப்பாதை தானாகப் புரிந்துவிடும். போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுங்கள், கண்ணுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது.

வெற்றிடம்77:

சுத்தியல், இறகு வீடியோவைத் தேடிப் பார்த்தேன். நான் இத்தனை வருடம் தப்பாக நினைத்திருக்கிறேன், ஐயாவுக்கு நன்றி. நிலையத்துக்குள் காற்று இருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. ஒன்று கேட்கிறேன், ராக்கெட் 100 கி.மீ. தாண்டிவிட்டால் விண்வெளி என்கிறார்கள். அங்கே போனதும் மிதக்கத் தொடங்கிவிடுவார்களா, இல்லை சுற்றுப்பாதை வேகம் வந்த பிறகுதானா? அப்புறம் நிலையம் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் என்றைக்காவது நிஜமாகவே விழுந்துவிடுமா?

பாடவேளை:

உயரத்துக்கும் மிதப்பதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் நின்றதும் மிதப்பார்கள், எந்த உயரமாக இருந்தாலும். சிறிய ராக்கெட்டில் 100 கி.மீ.க்கு மேல் சும்மா போய்விட்டு வருகிற பயணிகள் மூன்று நான்கு நிமிடம் மிதக்கிறார்கள், மொத்தப் பயணமே பத்துப் பதினோரு நிமிடம்தான். பக்கவாட்டு வேகம் இல்லாததால் திரும்ப இறங்கிவிடுகிறார்கள். இன்னும் கீழே வாருங்கள், விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெரிய விமானத்தை எறிந்த கல் போகும் பாதையிலேயே ஓட்டுவார்கள், உள்ளே இருப்பவர்கள் இருபது இருபத்தைந்து நொடி மிதப்பார்கள். ஜெர்மனியில் பிரெமன் நகரத்தில் 146 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது, அதற்குள் உள்ள குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு ஆய்வுப் பெட்டியைக் கீழே போடுவார்கள், ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவாக எடையின்மை கிடைக்கும். டீச்சரின் பாட்டிலுக்கு அரை நொடி. எல்லாம் ஒன்றுதான், நேரம்தான் வேறு.

இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், விட்டுவிட்டால் விழுந்துவிடும். 400 கி.மீ. உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது, அது உராய்ந்து உராய்ந்து நிலையத்தை மாதத்துக்கு இரண்டு கி.மீ. அளவுக்குக் கீழே இறக்குகிறது. அதனால் அவ்வப்போது எஞ்சினை எரித்து மேலே தூக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தை அப்படித் தூக்கிவிட ஆளில்லாமல் போய், 1979 ஜூலையில் காற்று மண்டலத்துக்குள் இறங்கி உடைந்து, துண்டுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் விழுந்தன. அப்போது ஸ்கைலாப் தலையில் விழும் என்று நம் ஊர்களிலேயே மக்கள் பயந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குண்டுநூல்:

நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் நிறை, எடை பாடத்துக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்தில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று ஒரே எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். பூமியில் எல்லா இடத்திலும் அது ஒன்று இல்லை. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. பூமி சுழல்வதால் நடுவில் உப்பியிருக்கிறது, அங்கே நாம் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறோம், சுழற்சியும் கொஞ்சம் குறைத்துவிடுகிறது. இதை முதலில் காட்டிக் கொடுத்தது ஒரு கடிகாரம். 1672-இல் ழான் ரிஷே என்கிற பிரெஞ்சு வானியலாளர் பாரீசிலிருந்து ஊசல் கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கயென் என்ற ஊருக்கு எடுத்துப் போனார், அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. கடிகாரத்தில் பழுது இல்லை, இழுப்பு குறைந்ததால் ஊசல் மெதுவாக ஆடியது.

டீச்சர் இதைப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்கலாம்: துருவத்தில் ஒரு கிலோ தங்கம் வாங்கி நிலநடுக்கோட்டில் விற்றால் நஷ்டமா? சுருள் கம்பி வைத்த தராசில் நிறுத்தால் ஐந்து கிராம் குறைவாகக் காட்டும். இரண்டு தட்டுத் தராசில் நிறுத்தால் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது, ஏனென்றால் படிக்கல்லையும் அதே அளவுதான் பூமி இழுக்கிறது. தட்டுத் தராசு நிறையை அளக்கிறது, சுருள் கம்பி எடையை அளக்கிறது. நிலாவில் போய் நிறுத்தாலும் தட்டுத் தராசில் ஒரு கிலோ ஒரு கிலோதான். எனக்கு இந்தப் பாடம் புரிந்ததே இந்தத் தராசுக் கணக்கில்தான்.

இன்னொன்று, எங்கள் தொழிலில் தூக்குக்குண்டு தொங்குகிற திசைதான் "நேர் கீழே". கொத்தனார் சுவரை அதை வைத்துத்தான் பார்ப்பார். ஆனால் அந்தக் குண்டே எப்போதும் பூமியின் மையத்தைக் காட்டுவதில்லை, பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதன் பக்கம் துளி சாயும். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் என்கிற ஆங்கிலேய நில அளவையாளர் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமாக நேரடியாக அளக்கும் முதல் கோடு) அளந்து தொடங்கிய நில அளவை வடக்கே இமயமலை அடிவாரம் வரை போனபோது, முக்கோணம் போட்டு அளந்த தூரமும் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிட்ட தூரமும் ஒத்துவரவில்லை, ஐந்து விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அளவுக்கு வித்தியாசம். நட்சத்திரக் கணக்குக்குத் தூக்குக்குண்டுதான் ஆதாரம், அதை இமயமலை இழுத்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், மலையின் பருமனை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று மடங்கு இழுத்திருக்க வேண்டும், இழுக்கவில்லை. மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை வேர் மாதிரி ஆழமாக இறங்கியிருக்கிறது, அதனால் மொத்த இழுப்பு குறைகிறது என்று 1855-இல் ஏரி என்ற வானியலாளர் விளக்கினார். ஒரு நூலையும் குண்டையும் வைத்து மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரிய பகுதி, உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். பள்ளம் என்றால் கடலடியில் இல்லை, கடல்மட்டமே அங்கே 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. சுற்றியுள்ள பகுதிகள் தண்ணீரைத் தங்கள் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்கின்றன. அதில் போகும் கப்பல் சரிவில் இறங்குகிற மாதிரி உணராது, அங்கே தூக்குக்குண்டும் அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகத்தான் தொங்கும், ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் மட்டம் என்றே காட்டும். 1948-இல் டச்சுக்காரர் வேனிங் மைனஸ் கப்பலில் அளந்து இதைக் கண்டார். காரணத்தை 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் கணினியில் பல கோடி ஆண்டுகளின் பாறை ஓட்டத்தை ஓட்டிப் பார்த்து விளக்கினார்கள். ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறை இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள்.

பிசியோ_அக்கா:

டீச்சர், மிதப்பது பார்க்க ஜாலியாக இருப்பதால் பிள்ளைகள் அது உடம்புக்குச் சுகம் என்று நினைத்துவிடுவார்கள். இதையும் சொல்லுங்கள். தரை தாங்காத உடம்பில் எலும்புக்கு வேலை இல்லை, வேலை இல்லாத எலும்பை உடம்பு கரைக்கத் தொடங்கிவிடும். இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி குறைகிறது. அதனால் நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும், பளு தூக்கினால் அங்கே கனக்காது என்பதால் எதிர்ப்பு விசை தரும் கருவியில் இழுப்பார்கள், ஓடுபொறியில் பட்டையால் உடம்பைக் கீழே கட்டிக்கொண்டு ஓடுவார்கள். முதுகெலும்பு மேல் பாரம் இல்லாததால் உயரம் 3 சதவீதம் வரை கூடும், முதுகுவலியும் சேர்ந்தே வரும், திரும்பி வந்ததும் பழைய உயரம். கால் பக்கம் இருக்க வேண்டிய ரத்தமும் நீரும் மேலே ஏறி முகம் வீங்கும், மூக்கடைத்த மாதிரியே இருக்கும்.

சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் இறங்கியபோது அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்ததைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட நாள் படுக்கையில் கிடந்த நோயாளியை முதல் முறை எழுப்பி நிற்க வைக்கும்போது நான் பார்ப்பதும் அதேதான், தலை சுற்றும், கால் நிற்காது. விண்வெளி மருத்துவ ஆராய்ச்சிக்கே ஆட்களைத் தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்த்தின கட்டிலில் 60 நாள் வரை படுக்க வைத்துத்தான் சோதிக்கிறார்கள், எழுந்திருக்கக் கூடாது, சாப்பாடும் படுத்துக்கொண்டேதான். வீட்டில் தாத்தா பாட்டி படுக்கையில் இருந்தால் முடிந்த அளவு உட்கார வையுங்கள், நிற்க வையுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். எலும்புக்குத் தரை தேவை.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மாலை வகுப்பில் முதல் வேலையாக, நான் போன வாரம் சொன்னது தவறு, இவன் கேட்டதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு பாட்டில். முதல் முறை ஓட்டை சிறிதாகப் போய் எதுவும் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது பாட்டிலில் பென்சில் நுனி அளவுக்குப் போட்டோம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒருவன் விட, கீழே ஒருத்தி மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தாள். விட்ட கணத்தில் தண்ணீர்க் கம்பி அறுந்த மாதிரி நின்றுவிட்டது. எல்லோரும் போனைச் சுற்றிக் குவிந்து ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள். மேலே எறிந்ததும் அப்படியே வந்தது, கைக்குள் இருக்கும் வரை ஒழுகி, விட்டதும் நின்றது. ஆளுக்கு ஒரு முறை எறிய வேண்டும் என்று கேட்டதில் தெரு முழுக்க ஈரம்.

4.9 மீட்டர், 7.9 கி.மீ. கணக்கையும் எழுதிப் போட்டேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறதா டீச்சர்? ஒரு நொடிக்கு எவ்வளவு விழும்?" என்றான். விழுகிறது என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். எவ்வளவு என்று இந்த முறையும் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஐயா, இதை ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் போட முடியுமா?

பாடவேளை:

முடியும். நீங்கள் சொல்ல வேண்டாம், அவனையே போட விடுங்கள். எண்களை மட்டும் கொடுங்கள்.

பூமியின் மையத்திலிருந்து நாம் 6,371 கி.மீ., நிலா 3,84,400 கி.மீ., ஆக நிலா நம்மைவிட 60 மடங்கு தூரம். தூரம் 60 மடங்கு என்றால் இழுப்பு 60 × 60, அதாவது 3600-இல் ஒரு பங்கு. இங்கே கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது, மில்லிமீட்டரில் 4900. அதை 3600-ஆல் வகுக்கட்டும். 1.36 மில்லிமீட்டர் வரும்.

இது இங்கே மரத்திலிருந்து விழும் காயை வைத்துப் போட்ட கணக்கு. இப்போது நிலாவின் பாதையை மட்டும் வைத்துத் தனியாகப் போடட்டும். நிலா ஒரு நொடியில் 1.02 கி.மீ. நகர்கிறது. பூமியின் வளைவுக்குச் செய்த அதே கணக்குதான், நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தை வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு வளைந்தது என்று கிடைக்கும். 1.02 × 1.02-ஐ 7,68,800-ஆல் வகுத்துக் கி.மீ.யை மில்லிமீட்டராக மாற்றினால் 1.35. இரண்டு பக்கத்திலிருந்து வந்தும் ஒரே எண். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவில், நிலாவைப் பிடித்திருப்பதும் கல்லை இழுப்பதும் ஒரே விசைதான் என்று காட்டப் போட்ட கணக்கு இதுவே.

போட்டு முடித்ததும் ஸ்கேலை எடுத்து ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அவன் போட்ட தாளைப் படமெடுத்து இங்கே போடுங்கள் டீச்சர், நான் பார்க்க வேண்டும்.